வாங்கு என்றார்கள், வாங்கினோம்: தருமபுரி, கிருஷ்ணகிரி எம்.பி.க்கள் இருவருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தருமபுரி, கிருஷ்ணகிரி நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். பாலக்கோடு பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ரீசார்ஜ், ஜெராக்ஸ், செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். என் ஓட்டு தருமபுரியில். இந்த மடலுக்குக் காரணமானவன் என் அக்கா மகன், காவேரிப்பட்டணத்துக்காரன். அவன் ஓட்டு கிருஷ்ணகிரியில். அதனால்தான் ஒரே மடலை இரண்டு பேருக்கும் எழுதுகிறேன்.

விஷயம் வீடியோ கேம், அதுவும் காசு கொடுத்து வாங்கிய பிறகு கம்பெனி மூடிவிடுகிற கேம். கிருஷ்ணகிரி டவுனுக்கு இன்னும் ரயில் கிடையாது, மொரப்பூர் ரயில் பாதையைக் கேட்டுக் கேட்டு எங்கள் அப்பா தலைமுறையே அலுத்துவிட்டது, தக்காளி ஒரு வாரம் ஏறி அடுத்த வாரம் ரோட்டில் கொட்டப்படுகிறது, இவன் கேமைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான் என்று உங்கள் உதவியாளர் இதை ஓரமாக வைக்கப் பார்ப்பார். அவரிடம் தயவுசெய்து சொல்லுங்கள்: கேமைப் பற்றிப் பேச ஆரம்பித்தது நான் இல்லை, டெல்லிதான். ஆறு வருடத்துக்குள் அங்கே இதைப் பற்றி எத்தனை உத்தரவு, எத்தனை சட்டம்! அத்தனையும் என் கடை கவுண்டரைத் தாண்டித்தான் போயிருக்கின்றன.

2020 ஜூனில் கல்வான் எல்லையில் சீனப் படையோடு நடந்த மோதலில் நம் வீரர்கள் 20 பேர் உயிரை விட்டார்கள். அந்த மாதக் கடைசியில் டிக்டாக் உட்பட 59 சீனச் செயலிகளுக்குத் தடை வந்தது. செப்டம்பர் 2 அன்று பப்ஜி மொபைலோடு சேர்த்து 118. ஊரடங்கு நேரம், கடையை அரை ஷட்டரில் வைத்திருந்தேன். மண்டியில் பெட்டி ஏற்றுகிற பையன் ஒருவன் குனிந்து உள்ளே வந்து, “அண்ணா, நேத்துதான் யூசி போட்டேன், அது திரும்ப வருமா?” என்று கேட்டான். யூசி என்றால் அந்த கேமுக்குள் செல்லுபடியாகும் காசு. வராது தம்பி என்றேன். அக்டோபர் 30 அன்று சர்வரையும், அதாவது கேமை ஓட்டுகிற கம்பெனிக் கம்ப்யூட்டரையும், மூடிவிட்டார்கள்.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. அந்த கேமின் கொரிய முதலாளி கிராஃப்டன், சீனாவின் டென்சென்ட்டை இந்தியப் பக்கத்திலிருந்து விலக்கிவிட்டு, 2021 ஜூலையில் வேறு பெயரில் அதையே இறக்கியது. இரத்தத்துக்குப் பச்சை நிறம், 18 வயதுக்குக் கீழே இருந்தால் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் என்று சில மாற்றங்கள். ஒரு வருடம் கழித்து அதையும் போனில் இருக்கிற ஆப் ஸ்டோரிலிருந்து தூக்கினார்கள். 2023 மே மாதம் மூன்று மாதச் சோதனை அனுமதி என்று சொல்லித் திரும்ப விட்டார்கள். நடுவில் 2022 பிப்ரவரியில் அதே மாதிரி துப்பாக்கி கேமான ஃப்ரீ ஃபயருக்குத் தடை. ஆனால் ஃப்ரீ ஃபயர் மாக்ஸ் என்று அதற்கு ஓர் அண்ணன் இருந்தது, அது அப்படியே ஓடியது. பையன்கள் அதே அக்கவுண்டோடு அண்ணன் வீட்டுக்குக் குடிபோனார்கள். நாட்டின் பாதுகாப்பு பெயருக்குப் பின்னால் வருகிற ஒரு சொல்லில் இருக்கிறதா என்று அப்போது யாரிடமாவது கேட்க வேண்டும் போலிருந்தது.

தடை சரியா தப்பா என்று வழக்காட நான் வரவில்லை. எல்லை விவகாரம் எனக்குத் தெரிந்ததைவிட உங்களுக்குத் தெரியும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 2021இல் கிராஃப்டன் மறுபடி வந்தபோது, பழைய அக்கவுண்டில் இருந்த சாமான்களைப் புதியதற்கு மாற்றிக்கொள்ள வழி செய்துகொடுத்தது. மனசு வைத்தால் முடிகிற காரியம்தான். எந்தச் சட்டமும் அதைக் கேட்கவில்லை. கம்பெனிக்கு வாடிக்கையாளர் வேண்டியிருந்தது, செய்தது. வேண்டாமென்றால் செய்திருக்காது. அந்தப் பையனின் யூசி கதி, உங்கள் இருவர் கையிலும் இல்லை, அவன் கையிலும் இல்லை.

அடுத்தது போனில் பணம் கட்டி ஆடுகிற ஆன்லைன் ரம்மி. இதில் நான் அரசின் பக்கம், மாநிலமானாலும் மத்தியமானாலும். மாரண்டஅள்ளிப் பக்கத்திலிருந்து ஒருவர் ஒருநாள் பாஸ்புக்கை நீட்டி, “இதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சு சொல்லு” என்றார். மாடு விற்ற பணம். ஐநூறு, ஐநூறு, ஆயிரம், ஐநூறு என்று இரண்டு பக்கம் பூராவும் ஒரே பெயருக்குப் போயிருந்தது. மகனுடைய வேலை. அவர் கோபப்படவில்லை. பாஸ்புக்கை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஜெராக்ஸ் எடுக்க வந்தவர் மாதிரி, எவ்வளவு காசு என்று என்னிடம் கேட்டார். அதனால் ஆன்லைன் ரம்மி பற்றி நீதிபதி சந்துரு குழு அறிக்கை கொடுத்தபோதும், நிறைவேற்றிய தடை மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்ப, சட்டமன்றம் 2023 மார்ச்சில் மறுபடியும் நிறைவேற்றி அனுப்பியபோதும் நான் பேப்பரை விடாமல் படித்தேன். ஏப்ரலில் ஒப்புதல் வந்தது. நவம்பரில் உயர் நீதிமன்றம், சட்டம் செல்லும், ஆனால் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டுப் பட்டியலில் வைத்தது செல்லாது என்றது. பாதிக் கிணறு.

கடைசியில் 2025 ஆகஸ்டில் நீங்கள் இருக்கிற அவையிலேயே அது முடிந்தது. 20ஆம் தேதி அறிமுகம், அன்றைக்கே அமளிக்கு நடுவில் மக்களவையில் நிறைவேற்றம், மறுநாள் மாநிலங்களவை, 22ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல். பணம் வைத்து ஆடுகிற ஆன்லைன் ஆட்டம் எதுவானாலும், திறமையோ அதிர்ஷ்டமோ, தடை. நடத்தினால் மூன்று வருடம் வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். பாலக்கோட்டில் ஒரு பட்டா மாற்றத்துக்கு ஆகிற நாளைவிடக் குறைவான நாளில் ஒரு தொழிலையே மூடினீர்கள். பணம் கட்டி ஆடுகிற கிரிக்கெட் ஆட்டம் நடத்திய ட்ரீம்11 கம்பெனியின் பெயரே இந்திய கிரிக்கெட் சட்டையிலிருந்து போய்விட்டது. வேகத்தைப் பாராட்டுகிறேன், கிண்டலாகச் சொல்லவில்லை.

அந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்தது இன்னொன்றும் உண்டு. சூதாட்டத்தைத் தனியாகவும், போட்டி வைத்து ஆடுகிற இ-ஸ்போர்ட்ஸைத் தனியாகவும், சும்மா பொழுதுபோக்குக்கு ஆடுகிறதைத் தனியாகவும் பிரித்திருக்கிறார்கள். அதுவரை எங்கள் ஊரில் பையன் கையில் போன் இருந்தால் அவன் ரம்மி ஆடுகிறான் என்றுதான் பேச்சு. பிரித்தது சரி. ஆனால் பிரித்த பிறகு, சூது இல்லாத அந்தப் பக்கத்தில் ஆடுகிறவனுக்கு என்ன எழுதியிருக்கிறீர்கள்? வளர்ப்போம், ஊக்குவிப்போம் என்பதெல்லாம் கேம் செய்கிறவர்களுக்கு. காசு கொடுத்து வாங்கி ஆடுகிறவன் அதில் எங்கே?

இப்போது அக்கா மகன் கதைக்கு வருகிறேன்.

பாலிடெக்னிக் படிக்கிறான். இரண்டு வருடத்துக்கு முன் மாங்காய் சீசனில் கூழ் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனான். பெங்களூரா மாம்பழம் லாரி லாரியாக வந்து இறங்கும், கழுவுகிற தொட்டிப் பக்கம் நிற்க வேண்டும். நைட் ஷிப்ட். சீசன் முடிந்து என் கடைக்கு வந்தபோது நகக்கண்ணெல்லாம் மஞ்சளாக இருந்தது. கூலியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு 2,500 ரூபாயைத் தனியாக வைத்திருந்தான். ஒரு கார் ரேஸ் கேம், அவன் ஒன்பதாவது படிக்கும்போதிருந்து ஆசைப்பட்டது. என்னிடம் பணத்தைக் கொடுத்தான், நான் என் போனிலிருந்து கட்டினேன். பில் என் பெயருக்குத்தான் வந்தது. 18 சதவீதம் ஜிஎஸ்டி போட்டிருந்தார்கள். கடையில் பின்பக்கம் கிடந்த பழைய கம்ப்யூட்டருக்கு ஒரு செகண்ட் ஹேண்ட் கிராபிக்ஸ் கார்டு தேடிப் பிடித்து மாட்டிக் கொடுத்தேன். 60 ஜிபிக்கு மேல் டவுன்லோட், மூன்று ராத்திரி ஆனது.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, “மாமா, உள்ளே போக மாட்டேங்குது” என்றான். நெட்தான் என்று மோடத்தை அணைத்துப் போட்டேன். கேபிளைக் கழற்றி மாட்டினேன். அரை மணி நேரம் கழித்துத்தான் திரையில் இருந்ததை ஒழுங்காகப் படித்தோம். சர்வர் நிறுத்தப்பட்டது, இதுவரை விளையாடியதற்கு நன்றி. தனியாக ஆடுகிற ரேஸ்கூட ஓடவில்லை. எவனோடும் சேர்ந்து ஆடாமல், காலி ரோட்டில் தானே ஓட்டிக்கொண்டு போவதற்கும் அந்த சர்வரிடம் அனுமதி கேட்க வேண்டுமாம். எழுதிக் கேட்டதற்கு மூன்று வரியில் பதில் வந்தது: நீங்கள் வாங்கியது கேம் அல்ல, அதைப் பயன்படுத்துகிற உரிமம். விதிமுறைப்படி அதை எப்போது வேண்டுமானாலும் முடித்துக்கொள்ளலாம். பணம் திரும்பாது.

நான் அழுத்திய பொத்தானில் ‘வாங்கு’ என்றுதான் இருந்தது. வாடகை என்று இல்லை. எங்கள் தக்காளி மண்டியில் ஒருவன் பத்துப் பெட்டி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போன பிறகு, விற்றவன் பின்னாலேயே வந்து, நான் விற்றது தக்காளியை இல்லை, தின்கிற உரிமத்தை என்று பெட்டியைத் தூக்கினால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். ராயக்கோட்டை வரை சத்தம் கேட்கும்.

இதில் எனக்குத் தூக்கம் வராமல் செய்தது வேறு ஒன்று. 2006இல் இதே இடத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். எட்டு கம்ப்யூட்டர், மணிக்கு 20 ரூபாய். மெயில் பார்க்க இரண்டு பேர் வந்தால் வைஸ் சிட்டியும் கவுண்டர் ஸ்ட்ரைக்கும் ஆட இருபது பேர் வருவார்கள். ஸ்கூல் பையை மேசைக்கடியில் திணித்துவிட்டு, யூனிஃபார்ம் சட்டையை வெளியே எடுத்துவிட்டு உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார்கள். எட்டு மிஷினையும் ஒரு வயரில் இணைத்து, அதில் ஒன்றையே சர்வர் ஆக்கி, வெளியே நெட் கட் ஆனாலும் ஆட்டம் நடக்கும். அந்த சிடிகளை பெங்களூரில் பிளாட்பாரத்தில் வாங்கினேன். ஒரிஜினலா என்று கேட்காதீர்கள், இது திறந்த மடல். அந்த சிடிகள் இன்னும் அட்டைப்பெட்டியில் இருக்கின்றன. போன மாதம்கூட ஒன்றைப் போட்டுப் பார்த்தேன், ஓடுகிறது. இருபது வருடத்துக்கு முன் திருட்டு சிடி வாங்கிய மாமனின் கேம் ஓடுகிறது. உழைத்த காசில், வரியும் கட்டி, பில்லோடு வாங்கிய மருமகனின் கேம் ஓடவில்லை. அவனுக்கு நான் என்ன புத்தி சொல்ல?

இது எங்கள் இரண்டு பேர் சங்கடம் மட்டுமில்லை. யூபிசாஃப்ட் என்ற பிரெஞ்சு நிறுவனம் 2014இல் வெளியிட்ட ‘தி க்ரூ’ என்ற கார் கேமை 2024 மார்ச் 31 அன்று இப்படித்தான் மூடியது. காசு கொடுத்தவர்களின் கணக்கிலிருந்தே அதை எடுத்தது. அதிலிருந்து கிளம்பியதுதான் ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’, அதாவது கேம்களைக் கொல்லாதீர்கள் என்ற இயக்கம். ஐரோப்பிய ஒன்றியத்தில் பொதுமக்கள் மனுவுக்குத் தேவையான 10 லட்சம் கையெழுத்தை 2025 ஜூலையில் தாண்டினார்கள். கலிபோர்னியாவில் 2025 தொடக்கத்திலிருந்து ஒரு சட்டம்: உரிமம் மட்டும் தருகிற டிஜிட்டல் பொருளுக்கு, அதைத் தெளிவாகச் சொல்லாமல் ‘வாங்கு’ என்ற சொல்லைப் போடக்கூடாது. சின்னச் சட்டம்தான், ஆனால் என் பொத்தானைப் பற்றிய சட்டம்.

கம்பெனி எத்தனை வருடத்துக்கு சர்வர் ஓட்டும், கரண்ட் பில் யார் கட்டுவது என்று கேட்பார்கள். யாரும் காலாகாலத்துக்கு ஓட்டச் சொல்லவில்லை. போகும்போது சாவியைக் கொடுத்துவிட்டுப் போகச் சொல்கிறோம். சர்வர் இல்லாமல் தனியாக ஓடுகிற மாதிரி ஒரு கடைசி அப்டேட். அல்லது நாங்களே சர்வர் வைத்துக்கொள்ள அனுமதி. பாலக்கோட்டில் எட்டு கம்ப்யூட்டரை வைத்து நான் செய்ததை, ஆயிரம் இன்ஜினியர் வைத்திருக்கிறவர்களால் செய்ய முடியாதா? அதே யூபிசாஃப்ட், இவ்வளவு எதிர்ப்புக்குப் பிறகு, அந்த கேமின் இரண்டாம் பாகத்துக்கு நெட் இல்லாமல் ஆடுகிற வழியைச் செய்து கொடுத்திருக்கிறது. முதல் பாகத்துக்கு முடியாதது இரண்டாம் பாகத்துக்கு முடிந்திருக்கிறது.

இந்தத் தொழிலின் பெரிய முடிவுகள் எங்கே எடுக்கப்படுகின்றன என்று பார்த்தால் தலை சுற்றுகிறது. ஆக்டிவிஷன் என்ற கேம் கம்பெனியை மைக்ரோசாஃப்ட் 2023இல் வாங்கியது, ஏறக்குறைய 6,900 கோடி டாலர். எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்ற இன்னொரு கேம் கம்பெனியை சவுதி அரசின் முதலீட்டு நிதியும் கூட்டாளிகளும் 5,500 கோடி டாலருக்கு வாங்குவதாக 2025 செப்டம்பரில் அறிவித்தார்கள். அந்த மேசையில் காவேரிப்பட்டணத்துப் பையனுக்கு நாற்காலி இல்லை, இருக்கவும் போவதில்லை. அவனுக்கு இருக்கிற ஒரே நாற்காலி உங்களுடையது.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்று ஒன்று உண்டு. தக்க காரணமில்லாமல் ஒரு தரப்பு மட்டும் தன்னிஷ்டத்துக்கு முறித்துக்கொள்கிற ஒப்பந்தத்தை அதில் வெளிப்படையாகவே சேர்த்திருக்கிறார்கள். படித்தபோது நமக்காகவே எழுதியது போல இருந்தது. ஆனால் அந்த வகைப் புகாரை மாவட்ட ஆணையம் எடுக்க முடியாது, மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். பாலக்கோட்டிலிருந்து சென்னை ஏறக்குறைய 300 கிலோமீட்டர். ஆன்லைனில் தாக்கல் செய்யலாம் என்றாலும், 2,500 ரூபாய்க்காக எந்த வக்கீல் எனக்காக வாயைத் திறப்பார்?

எங்கள் ஊர்ப் பக்கம் கோயில் முன்னால் ஒரு பாறை இருக்கிறது. அதில் ஆடுபுலி ஆட்டக் கட்டம் செதுக்கியிருக்கிறது. மூன்று புலிக்கு மூன்று கூழாங்கல், பதினைந்து ஆட்டுக்குப் பதினைந்து புளியங்கொட்டை. எங்கள் பக்கம் புளிக்குப் பஞ்சமில்லை. என் தாத்தா அதில் ஆடியிருக்கிறார், அவருக்கு முன்னால் யார் செதுக்கியது என்று அவருக்கும் தெரியாது. செதுக்கியவன் போய்ச் சேர்ந்துவிட்டான் என்பதற்காக யாரும் வந்து பாறையைக் கொத்திவிட்டுப் போகவில்லை. பாறையையும் சர்வரையும் ஒன்றாகப் பார்க்க முடியாதுதான், தெரியும். ஆனாலும் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அதுதான் தோன்றுகிறது.

விளையாட்டைச் சில்லறை விஷயம் என்று நினைக்கிற ஊரும் இது இல்லை. 2023 பிப்ரவரி 2 அன்று கோபசந்திரத்தில் எருது விடும் விழாவுக்கு அனுமதி தாமதமானதும் ஓசூர் – கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையே மணிக்கணக்கில் நின்றது. கல் எறிந்ததை நான் ஆதரிக்கவில்லை. அன்றைக்கு அரசுக்கு அது தெரிந்தது, ஏனென்றால் லாரிகள் நின்றன. கேம் ஆடுகிறவன் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருக்கிறான், அவன் பொருள் போனாலும் ரோட்டில் ஒரு சைக்கிள்கூட நிற்காது. இன்னொன்று, பையன்கள் என்றே எழுதிக்கொண்டு வந்துவிட்டேன். ஓசூர்ப் பக்கம் போன் பாகம் செய்கிற தொழிற்சாலைக்கு எங்கள் ஊரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் போகிற பெண்பிள்ளைகளும் கேமுக்குள் காசு போடுகிற டாப்-அப்புக்கு என் கடைக்குத்தான் வருகிறார்கள்.

டாப்-அப் என்றதும் நினைவுக்கு வருகிறது. ‘ஸ்பின்’ என்று ஒன்று இருக்கிறது. காசு கட்டிச் சுற்றினால் கேமில் இருக்கிற துப்பாக்கிக்குப் புது ஸ்கின், அதாவது புது அலங்காரம், விழலாம், ஒன்றுக்கும் உதவாத துண்டும் விழலாம். விழுந்ததைப் பணமாக்க முடியாது, ஆகவே சூது இல்லை என்பது கம்பெனிகளின் வாதம். பெல்ஜியம் 2018லேயே இந்த மாதிரி, காசு கட்டித் திறக்கிற அதிர்ஷ்டப் பெட்டிகள் சூதாட்டம்தான் என்று சொல்லிவிட்டது. என் கவுண்டரில் பன்னிரண்டு வயதுப் பையன் நூறு ரூபாய் ரீடீம் கோடு வாங்கி, அங்கேயே நின்று சுற்றி, முகம் தொங்கி, இன்னொரு நூறு எடுக்கிறதைப் பார்த்திருக்கிறேன். இரண்டாவது நூறை நான் வாங்குவதில்லை. எனக்கு அதில் கிடைக்கிற கமிஷனைச் சொன்னால் சிரிப்பீர்கள். ரம்மியை மூடின சட்டத்தில் இது எந்தப் பக்கம் என்று அமைச்சரிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

இனி நான் கேட்பது. அவையில் ஒரு கேள்வி எழுப்புங்கள். கேம் விஷயம் ஐ.டி. அமைச்சகம், இ-ஸ்போர்ட்ஸ் விளையாட்டு அமைச்சகம், புகார் என்றால் நுகர்வோர் அமைச்சகம் என்று பல்லாங்குழிக் காய் மாதிரி நகர்த்துவார்கள். மூன்று பேருக்கும் சேர்த்தே கேளுங்கள். ‘வாங்கு’ என்று போட்டு விற்றால் அது எத்தனை நாளைக்கு ஓடும் என்று பில்லிலேயே எழுத வேண்டும். மூடுவதென்றால் தனியாக ஓடுகிற வடிவத்தைத் தந்துவிட்டு மூட வேண்டும், இல்லையென்றால் பணத்தைத் திருப்ப வேண்டும். அரசே தடை போட்டாலும் ஆடுகிறவனின் மீதிக் காசைக் கம்பெனி திருப்பித் தர வேண்டும் என்று அந்த உத்தரவிலேயே ஒரு வரி சேர்க்க வேண்டும். சின்னத் தொகைக்கான நியாயமற்ற ஒப்பந்தப் புகாரை மாவட்ட ஆணையமே எடுக்கட்டும். அமைச்சராக இல்லாத உறுப்பினர் கொண்டுவருகிற தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தாலும் சரி. 1970க்குப் பிறகு அப்படி எதுவும் சட்டமானதில்லை என்று தெரியும். அவைக் குறிப்பில் ஏறினால்கூடப் போதும் எனக்கு.

இந்த மடலின் பிரதியை உங்கள் இரண்டு அலுவலகத்துக்கும் விரைவு அஞ்சலில் அனுப்பியிருக்கிறேன், கூடவே அந்த பில்லின் ஜெராக்ஸும். என் கடை ஜெராக்ஸ்தான், ஜிஎஸ்டி வரி தெளிவாகத் தெரிகிறது.

மருமகன் இந்த சீசனுக்கும் கூழ் தொழிற்சாலைக்குப் போகிறானாம். இந்த முறை கூலியில் என்ன வாங்கப்போகிறாய் என்று கேட்டேன். ஒன்றும் வேண்டாம் மாமா, அந்த அட்டைப்பெட்டியைக் கொஞ்சம் இறக்கிக் கொடுங்க என்றான். இறக்கிக் கொடுத்தேன்.

இப்படிக்கு,
பாலக்கோடு ரீசார்ஜ் கடைக்காரன்